ஹார்டு மோடில் மறுபடியும் மிட்கர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கை ஹார்டு மோடில், அதாவது கடின நிலையில், மறுபடியும் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1997-ல் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு மூன்று சிடிகளில் வெளியிட்ட ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுதான் மூலம். அதில் மிட்கர் என்ற நகரத்தில் நடக்கும் ஆரம்பப் பகுதியை மட்டும் எடுத்து, அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டி, 2020 ஏப்ரலில் ஸ்கொயர் எனிக்ஸ் ரீமேக்காக வெளியிட்டது. மூலத்தை இயக்கிய யோஷினோரி கிடாசே இதற்குத் தயாரிப்பாளர். அன்று பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நோமுரா இதற்கு இயக்குநர். மூலத்தை நானும் என் அண்ணனும் ஒரே மெமரி கார்டில் மாறி மாறி ஆடியவர்கள். அந்தப் பாசத்தோடுதான் பதில் சொல்கிறேன்.

நார்மலில் (வழக்கமான நிலையில்) முடித்துவிட்டேன். கதை தெரியும், எந்த இடத்தில் எந்த பாஸ் (பெரிய எதிரி) வரும் என்பதும் தெரியும். எதிரிகளின் பலத்தை மட்டும் கூட்டிவைத்து அதே விளையாட்டை இன்னொரு தரம் ஆடுவதில் என்ன இருக்கிறது?
(வங்கி ஊழியர் ஒருவர்)

எதிரியின் உயிர் அளவான எச்.பி.யைக் கூட்டுவது மட்டும்தான் ஹார்டு என்றால் நானும் உங்கள் பக்கம்தான். அப்படிப்பட்ட விளையாட்டுகள் நிறைய உண்டு. அதே அடியைக் கூடுதல் நேரம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே விஷயம் வேறு.

ரீமேக்கின் ஹார்டு மோட் இரண்டு கதவுகளைச் சாத்துகிறது. முதலாவது, ஐட்டம் எதையும் பயன்படுத்த முடியாது. போஷன், ஈதர், ஃபீனிக்ஸ் டவுன் போன்ற மருந்துகள் எல்லாம் பையில் இருக்கும், ஆனால் தொட முடியாது. இரண்டாவது, பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் எச்.பி. திரும்பும், மந்திரம் போடச் செலவாகும் எம்.பி. திரும்பாது. ஓர் அத்தியாயம் தொடங்கும்போது நிரம்பியிருக்கும் எம்.பி.தான் அந்த அத்தியாயம் முடியும்வரை உங்கள் கையிருப்பு.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து விளையாட்டையே மாற்றிவிடுகின்றன. நார்மலில் ஒரு தெருச் சண்டையில் அடி வாங்கினால் போஷன் குடித்துவிட்டு நடக்கலாம். அடுத்த பெஞ்சில் எல்லாம் சரியாகிவிடும். அதனால் ஒவ்வொரு சண்டையும் தனித்தனிச் சண்டை. முந்தைய சண்டையில் நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதற்குப் பின்விளைவே கிடையாது. ஹார்டில் அத்தியாயம் முழுவதும் ஒரே சண்டையாகிவிடுகிறது. ஆரம்பத்தில் மூன்று நாய்களை விரட்ட அவசரப்பட்டுப் போட்ட மந்திரம், கடைசியில் பாஸ் முன்னால் நிற்கும்போது கணக்குக் கேட்கும்.

மாக்கோ உலைக்குள் வரும் ஸ்வீப்பர் எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்மலில் அதைக் கத்தியால் வெட்டிக்கொண்டே இருந்து சாய்த்திருப்பீர்கள். யாருக்கும் அதன் முகம்கூட நினைவில் இருக்காது. ஹார்டில் அதையே செய்தால் அது உங்களைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுத் தள்ளும். அசெஸ் மெட்டீரியாவால் (மெட்டீரியா என்பது ஆயுதத்தில் பதிக்கும் மந்திரக் கல்) ஆராய்ந்தால் மின்னலுக்கு அஞ்சும் என்று தெரியும். சரியான நேரத்தில் ஒரே ஒரு தண்டர், நிலை தடுமாறும்போது வேகமான வெட்டு, முற்றிலும் நிலைகுலைந்து ஸ்டேகர் ஆனதும் மொத்த பலத்தையும் இறக்குவது என்று போனால் சில நொடிகளில் கதை முடிந்தது. சிறு எதிரியைக்கூட இப்படிக் கூர்ந்து பார்க்க வைப்பதுதான் இந்த மோடின் சாதனை. மெட்டீரியா என்ற அந்த அற்புதமான அமைப்பு நார்மலிலும் இருக்கிறது. ஆனால் அதன் தேவை முழுசாகத் தெரிவது இங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. கதை தெரிந்த பிறகு பார்த்தால் நாயகன் கிளவுட்டோடு வரும் பூக்காரி ஏரித் பேசும் சில வாக்கியங்கள் வேறு மாதிரி கேட்கும். ஹார்டில் காட்சிகளைத் தாண்டிப் போகும் வசதி உண்டு, பலரும் தாண்டித்தான் போகிறார்கள். எட்டாம் அத்தியாயத்தில் மட்டும் தாண்டாதீர்கள். பூந்தோட்டத்தைக் கடந்து அவள் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் கேளுங்கள். முதல் தடவை வெறும் கலகலப்பாகத் தெரிந்த பெண், தெரிந்தே சிரிப்பவளாகத் தெரிவாள்.

ஐட்டமும் இல்லை, எம்.பி.யும் திரும்பாது என்றால் அடிபட்டவர்களை எப்படித்தான் தேற்றுவது? இரண்டாம் அத்தியாயத்திலேயே எனக்கு எம்.பி. காலியாகிவிட்டது.
(கல்லூரி மாணவி)

காயம் ஆற்றும் கியூர் மந்திரத்தை அவசரத்துக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். அன்றாடச் செலவுக்கு எம்.பி. கேட்காத இரண்டு மெட்டீரியாக்கள் இருக்கின்றன. ஒன்று பிரேயர். சண்டையின்போது நிரம்பி, கட்டளைகளுக்குச் செலவாகும் ஏ.டி.பி. கட்டம் இரண்டை எடுத்துக்கொண்டு குழு முழுவதையும் தேற்றும். இன்னொன்று சக்ரா. ஒரே கட்டம் போதும், அவரவர் தன்னைத் தானே தேற்றிக்கொள்வார், எவ்வளவு அடிபட்டிருக்கிறாரோ அதற்கேற்ப மீளும். இரண்டையும் நன்றாக வளர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டை ஒருமுறை முடித்த பிறகு மெட்டீரியா வளரத் தேவையான ஏ.பி. மூன்று மடங்காகக் கிடைக்கிறது, அனுபவப் புள்ளி இரண்டு மடங்கு. ஆகவே வளர்ப்பது சிரமமில்லை.

ஏ.டி.பி. கட்டங்கள் அப்போது உங்கள் உண்மையான செல்வமாகிவிடும். அதைச் சீக்கிரம் நிரப்ப ஒரு வழி தற்காப்பு. ஸ்டெட்ஃபாஸ்ட் பிளாக் என்ற மெட்டீரியாவைப் பூட்டிக்கொண்டால், அடியைத் தடுக்கும்போது வலியும் குறையும், ஏ.டி.பி.யும் ஏறும். நார்மலில் உருண்டு தப்பிப்பதையே எல்லோரும் பழக்கமாக வைத்திருக்கிறோம். ஆனால் இந்த விளையாட்டில் உருளுவது அவ்வளவாகக் காப்பாற்றாது, நின்று தடுப்பதுதான் காப்பாற்றும். இது ஹார்டில்தான் உறைக்கும்.

ஏரித் குழுவில் இருக்கும்போது சோல் டிரெயினை மறக்காதீர்கள். எதிரியிடமிருந்து எம்.பி.யை உறிஞ்சிக்கொள்ளும் திறன் அது. எதிரி ஸ்டேகர் ஆகிக் கிடக்கும்போது உறிஞ்சினால் அதிகம் கிடைக்கும். எல்லோரும் ஸ்டேகர் நேரத்தில் அடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். பாஸுக்கு முந்தைய சின்னச் சண்டையில் கடைசி எதிரியை வேண்டுமென்றே ஸ்டேகர் செய்து, கொல்லாமல், ஏரித்தை விட்டு உறிஞ்சிக்கொண்டு போவது எவ்வளவு நல்ல பழக்கம் என்று ஒரு தடவை செய்தால் புரியும்.

அப்புறம் எம்.பி.யின் அளவைக் கூட்டும் எம்.பி. அப் மெட்டீரியா. நார்மலில் அதற்கு ஆயுதத்தில் ஓர் இடம் ஒதுக்க மனசே வராது. இங்கே ஒதுக்கியாக வேண்டும். எம்.பி.யை மாசக் கடைசி பர்ஸைப் போல நடத்துங்கள்: செலவழிக்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. விரல் வேகம் இல்லை. ஹார்டு மோட் எல்லாம் இளைஞர்களுக்குத்தானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இல்லை, ஐயா. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏனென்றால் இதைப் பற்றித் தவறான ஓர் எண்ணம் பரவியிருக்கிறது.

இது பார்ப்பதற்கு விரல் வேகத்தில் ஓடும் அடிதடி விளையாட்டு போல இருக்கும். ஆனால் கட்டளைப் பட்டியலைத் திறந்தவுடன் காலம் நின்றுபோகிற அளவுக்கு மெதுவாகிவிடும். எதிரியின் கை ஓங்கியபடி காற்றில் தொங்கிக்கொண்டிருக்க, நீங்கள் நிதானமாக யோசித்து, யாருக்கு என்ன கட்டளை என்று முடிவு செய்யலாம். எத்தனை தடவை திறந்தாலும் விளையாட்டு தடுக்காது. வேகம் இருப்பவர்கள் இந்தப் பட்டியலைத் திறக்காமலே ஆடிப்பார்த்துத் தோற்பதை நான் கண்டிருக்கிறேன்.

எட்டாம் அத்தியாயத்துத் தேவாலயத்தில் ரெனோவுடன் கிளவுட் தனியாக மோதும் சண்டையைப் பாருங்கள். மின்சாரத் தடியோடு மின்னலாகப் பாய்ந்து வருவான். துரத்திப் பிடித்து அடிக்கலாம் என்று போனால் உங்கள் விரல் நிச்சயம் தோற்கும், என் விரலும் தோற்கும். ஆனால் கிளவுட்டைப் பனிஷர் நிலைக்கு மாற்றி, தற்காப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நில்லுங்கள். அவன் பாய்ந்து வந்து கையால் அடித்த மறுகணம் கிளவுட் தானாகவே திருப்பி வெட்டுவான். பொத்தானை எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்ற கவலையே கிடையாது. ரெனோ வேகமாக வர வர அவனே அடி வாங்கிக்கொள்கிறான். தூரத்திலிருந்து வரும் தாக்குதலுக்கு மட்டும் இது உதவாது, அதற்கு விலகிப் போக வேண்டும். கிட்டத்தட்ட முழுச் சண்டையையும் இப்படி நின்ற இடத்தில் நின்றே முடித்துவிடலாம்.

இன்னொரு சூட்சுமம்: எதிரிகள் பெரும்பாலும் நீங்கள் எந்தப் பாத்திரத்தை ஓட்டுகிறீர்களோ அவரையே குறிவைப்பார்கள். ஆகவே ஏரித் மந்திரம் போட வேண்டும் என்றால் ஏரித்தாக மாறாதீர்கள். மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அவளை அடித்துவிடுவார்கள், ஏ.டி.பி.யும் வீணாகும். கிளவுட்டாகவே இருந்து, பட்டியலைத் திறந்து, அவளுக்குக் கட்டளை மட்டும் கொடுங்கள். எல்லோரும் உங்கள் மேல் பாய, அவள் ஓரமாக நின்று வேலையை முடிப்பாள். இதற்கு வேண்டியது பொறுமை, அது உங்களிடம் எங்களைவிட அதிகமாகவே இருக்கும்.

இன்னும் தயக்கம் இருந்தால், 2021-ல் வந்த இன்டர்கிரேட் பதிப்பில் நார்மலுக்கும் கிளாசிக் முறை உண்டு. பாத்திரங்கள் தாமாகவே அடித்து, தாமாகவே தடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கட்டளை மட்டும் கொடுத்தால் போதும். அதில் கட்டளைப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஹார்டுக்கு வாருங்கள்.

ஒன்பதாம் அத்தியாயம், ஹெல் ஹவுஸ். இதற்கு மேல் என்னால் முடியாது. ஏதாவது சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்றவர்)

உங்கள் கடிதத்தில் இருந்த மூன்று வரிகளுக்குள் எவ்வளவு களைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிளவுட்டும் ஏரித்தும் மட்டும் கொலோசியம் என்ற சண்டை அரங்கில் நிற்க, ஒரு வீடு எழுந்து வந்து அடிக்கும் சண்டை அது. ஹார்டு மோடில் பெரும்பாலானோர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கும் இடமும் அதுதான்.

முதலில், தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சண்டையில் இல்லை. அந்த அத்தியாயம் இடிந்த மேம்பாலத்தில் தொடங்குகிறது. அங்கே கொள்ளையர்களோடு சண்டை, பிறகு வால் மார்க்கெட், பிறகு கொலோசியத்தில் வரிசையாகச் சண்டைகள். அவை முடிந்துதான் வீடு வருகிறது. இடையில் காத்திருப்பு அறையில் உட்கார பெஞ்ச் உண்டு, ஆனால் எம்.பி. திரும்பாது என்பதுதான் விதி. மேம்பாலத்தில் எத்தனை மந்திரம் போட்டீர்கள் என்பதைத்தான் வீடு உங்களிடம் கேட்கிறது. எம்.பி. பாதிக்குக் கீழே போய்விட்டதென்றால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். லெவலும் மெட்டீரியா வளர்ச்சியும் அப்படியே இருக்கும், எதுவும் போகாது. இந்தத் தடவை மேம்பாலத்தை வாளையும் பிரேயரையும் மட்டும் வைத்துக் கடந்து பாருங்கள்.

சரி, இப்போது வீடு. ஜன்னல்களைப் பாருங்கள். அந்தச் சண்டையில் மற்றதையெல்லாம் விட ஜன்னல்தான் முக்கியம். வீடு தன் மேல் நெருப்பு, பனி போன்ற ஒரு பூதசக்தியைப் போர்த்திக்கொள்ளும், ஜன்னல் வெளிச்சத்தின் நிறத்தில் அது தெரியும். சிவப்பாக எரிந்தால் நெருப்பு, பனி மந்திரம் போடுங்கள். நீலமாக இருந்தால் பனி, நெருப்பைப் போடுங்கள். காற்றைப் போர்த்தியிருந்தால் மின்னல், மின்னலைப் போர்த்தியிருந்தால் காற்று. ஆகவே நான்கு மந்திரங்களும் இருவரிடமும் பிரிந்தாவது இருக்க வேண்டும். நிறம் மாறுகிற நேரத்தில் அவசரப்பட்டுப் போட்டால் அந்த மந்திரம் வீண், எம்.பி.யும் வீண். மாறி முடியட்டும் என்று காத்திருந்து போடுங்கள்.

ஏரித்திடம் ஆர்கேன் வார்டு இருக்கிறதல்லவா? தரையில் ஒரு வட்டம் போடுவாள், அதற்குள் நின்று தாக்கும் மந்திரம் ஒன்றைச் சொன்னால் இரண்டு தடவை பாயும், எம்.பி. ஒரு தடவைக்கானதுதான். எம்.பி. எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இந்த மோடில் அந்த வட்டம்தான் உங்கள் வீடு. எதிரில் இருப்பது வெறும் எதிரி.

நாற்காலிகளை வீசும், கதவைத் திறந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும், பாதிக்கு மேல் போனால் கொழுந்துவிட்டுப் பறந்து வந்து மோதும். அப்படிப் பொங்கி எழுந்திருக்கும் நேரத்தில் அடிப்பதெல்லாம் வீண் வேலை. ஓடுங்கள், தடுங்கள், ஏ.டி.பி.யைச் சேர்த்து வையுங்கள். அது அடங்கியதும் சேர்த்து வைத்ததைக் கொட்டுங்கள்.

தோற்றால் வரும் தேர்வில் ‘சண்டைக்கு முன்பிருந்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சண்டையையே மறுபடி தொடங்கும் தேர்வை எடுத்தால் அதே மெட்டீரியாவோடு அதே சுவரில்தான் முட்ட வேண்டும். முன்பிருந்து என்றால் மெட்டீரியாவை மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம்.

ஒரு விஷயம் சொல்லட்டுமா? 1997 மூலத்தில் இந்த வீடு பாஸே கிடையாது. மிட்கரின் ஆறாம் பகுதியின் இடிபாடுகளில் நடக்கும்போது சும்மா எதிர்ப்படும் சாதாரண எதிரி. அதைத் தேடி எடுத்து, மேடை போட்டு, வெளிச்சம் போட்டு, கூட்டத்தின் ஆரவாரத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். பழைய ரசிகர்களிடம் அவர்களுக்கு இருக்கும் பிரியத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போதும் எனக்கு அந்த வீட்டைப் பிடிக்கும்.

மூல விளையாட்டும் இவ்வளவு கடினமா? அப்போது எப்படி ஆடினீர்கள்?
(பள்ளி மாணவர்)

இல்லை, தம்பி. மூலத்தில் கடினத்தன்மையைத் தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. எல்லோருக்கும் ஒரே விளையாட்டு. கதையை முடிப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. வழியில் கொஞ்சம் சண்டை போட்டு லெவலை ஏற்றிக்கொண்டால் போதும்.

ஆனால் கவனத்தைச் சோதிக்கும் இடங்கள் அதிலும் உண்டு. முதல் பாஸான தேள் எந்திரம் வாலைத் தூக்கியிருக்கும்போது அடித்தால் லேசரால் திருப்பிச் சுடும். வால் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ரீமேக்கில் அதே தேள் வாலிலிருந்து லேசரைப் பாய்ச்சும்போது விழுந்து கிடக்கும் இடிபாட்டுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். அடிப்பதை நிறுத்தத் தெரிய வேண்டும் என்ற அதே பாடம்தான் இரண்டிலும்.

கடினம் தேடியவர்களுக்கு மூலத்தில் இருந்தவை எமரால்டு வெப்பன், ரூபி வெப்பன் என்ற இரண்டு ராட்சதர்கள். ஜப்பானில் முதலில் வந்த பதிப்பில் இவை இல்லை, வெளிநாட்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். எமரால்டுக்கு எச்.பி. 10 லட்சம். கடலுக்கடியில் சண்டை, அதற்கான தனி மெட்டீரியா இல்லாவிட்டால் 20 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அண்ணன் அதற்காக நைட்ஸ் ஆஃப் ரவுண்டு என்ற மிகப் பலமான மெட்டீரியாவைத் தேடி சொகோபோ பறவைகளை வளர்த்துக்கொண்டிருந்த விடுமுறை எனக்கு இன்னும் பசுமையாக இருக்கிறது. அங்கே கடினம் கதைக்கு வெளியே, தனியாக நின்றது. ரீமேக்கின் ஹார்டு மோட் அதைக் கதையின் ஒவ்வோர் அத்தியாயத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

முடித்த கையோடு ஹார்டு தொடங்கலாமா, இல்லை தயார் செய்துகொள்ள வேண்டுமா?
(மென்பொருள் துறையில் இருப்பவர்)

முதலில் லெவல் 50-ஐத் தொடுங்கள். அதுதான் உச்சம், அதற்கு மேல் ஏறாது. அனுபவப் புள்ளி இரட்டிப்பாக வருவதால், விட்டுப்போன பக்கவேலைகளை நார்மலில் முடித்துக்கொண்டிருந்தாலே போதும். அசெஸ், பிரேயர், சக்ரா, நான்கு பூதசக்தி மெட்டீரியாக்கள், ஒரு மந்திரத்தைக் குழு முழுவதற்கும் பரப்பும் மேக்னிஃபை ஆகியவற்றையும் அதே சமயத்தில் வளர்த்துவிடுங்கள்.

மொத்தம் 18 அத்தியாயங்கள். எதிலிருந்தும் தொடங்கலாம். ஆனால் முதலிலிருந்து வரிசையாகப் போவதே நல்லது என்பேன். ஹார்டில் பாஸ்களை வென்றால் பாத்திரங்களுக்கான திறன் நூல்கள் கிடைக்கும், ஆயுதங்களை மேலும் வளர்க்க அவை உதவும். ஆரம்ப அத்தியாயங்களில் சேர்க்கும் நூல்கள் கடைசி அத்தியாயங்களில் கைகொடுக்கும்.

என் மகன் முடித்த விளையாட்டையே திரும்பத் திரும்ப ஆடுகிறான். இதில் நேரம் வீணாவதாகத் தோன்றுகிறது.
(ஒரு தாய்)

அம்மா, எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். படிப்பும் தூக்கமும் கெடுகிறது என்றால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் திரும்ப ஆடுவதனாலேயே வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த மெட்டீரியாவை ஏன் மாற்றினாய்?” என்று கேட்டுப்பாருங்கள். போன தடவை எங்கே தோற்றான், எதனால் தோற்றான், இப்போது எதை மாற்றியிருக்கிறான் என்று வரிசையாகச் சொல்வான். சொல்ல முடியாமல் விழித்தால் அப்போது கவலைப்படுங்கள்.

டிராகன் குவெஸ்ட் 3 ரீமேக்கை எளிதான மோடில் முடித்தேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கடினமானதில் முடித்தால்தான் முடித்ததாகக் கணக்கா?
(புகைப்படக் கலைஞர்)

கதை முடிந்தது, நீங்கள் முடித்துவிட்டீர்கள். இதில் விவாதமே இல்லை.

அந்த எச்.டி.-2டி (பழைய பாணி உருவங்களும் நவீனக் காட்சிகளும் கலந்த) ரீமேக் 2024 நவம்பரில் வந்தது. அதில் மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். மிக எளிதானதில் உங்கள் குழுவினர் சாகவே மாட்டார்கள், எச்.பி. 1-க்குக் கீழே இறங்காது. உச்சத்தில் டிராகோனியன் குவெஸ்ட் என்ற நிலை. நடுவில் வழக்கமானது. விளையாட்டின் நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம். உருவாக்கியவர்களே மூன்று வாசல் வைத்திருக்கும்போது, ஒரு வாசலில் நின்றுகொண்டு மற்ற வாசலில் வருபவர்களைக் கேலி செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

ஆனால் ஒன்று சொல்வேன். 1988-ல் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் வந்த அந்த மூலத்தை நேசித்தவர்கள் ஏன் நேசித்தார்கள் என்று அறிய ஆசை இருந்தால், வழக்கமான நிலையில் ஒரு குகைக்குள்ளாவது போய்வாருங்கள். எம்.பி. குறைந்துகொண்டே வரும். இன்னும் ஒரு மாடி இறங்கலாமா, இங்கேயே திரும்பிவிடலாமா என்று படிக்கட்டின் முன்னால் நின்று யோசிப்பீர்கள். அந்தத் தொடரின் உயிர் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. சாவு இல்லாத நிலையில் அந்தக் கேள்வி எழவே எழாது. ரீமேக்குகளில் கடின நிலையை நான் விரும்புவதும் இதனால்தான். புதிய அழகும் புதிய வசதிகளும் வந்த பிறகு, பழைய விளையாட்டின் அந்த அச்சத்தைக் கடின நிலைதான் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஹார்டில் எல்லாம் முடித்துவிட்டேன். போர்ப் பயிற்சிக் கூடத்தில் ‘டாப் சீக்ரெட்ஸ்’ மட்டும் பாக்கி. அதற்குப் பிறகு என்ன செய்வது?
(செவிலியர் ஒருவர்)

வாழ்த்துகள். இரவுப் பணிக்கு இடையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், அது சாதாரண விஷயமில்லை.

அது ஹார்டு மோடில் மட்டுமே திறக்கும் போட்டி. இடைவெளியில்லாமல் ஐந்து சண்டைகள்: பனி உருவமான சிவா, கொழுத்த சொகோபோ, லெவியத்தான், பகாமுத், கடைசியில் பிரைடு அண்டு ஜாய் என்ற ராட்சத எந்திரம். சிவாவுக்கு நெருப்பு, லெவியத்தானுக்கு மின்னல் என்று முதல் பாதி நீங்கள் அறிந்த வழிதான். பகாமுத்திடம்தான் கவனம் வேண்டும். நடுவில் நெருப்பு உருவமான இஃப்ரிட்டையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும். அப்போது பகாமுத்தை விட்டுவிட்டு இஃப்ரிட்டைப் பனியால் முதலில் அடித்துச் சாய்ப்பது என் வழி. பிறகு மெகாஃப்ளேர் என்ற பெரும் தாக்குதலுக்கான எண்ணிக்கை தொடங்கும்போது தாக்குவதை நிறுத்திவிட்டு, எல்லோருடைய எச்.பி.யையும் நிரப்பி, பேரியர் மெட்டீரியாவில் இருக்கும், மந்திர அடியைக் குறைக்கும் மனாவார்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மேக்னிஃபையோடு இணைத்திருந்தால் ஒரே தடவையில் மூவருக்கும் போய்ச் சேரும். குழுவின் கைச்சண்டைக்காரி டிஃபாவைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேகர் ஆன எதிரிக்கு வழக்கமாக 160 சதவீத அடி விழும் என்றால், அவளுடைய திறன்களால் அதை இன்னும் மேலே ஏற்றலாம். நீளமான இந்தப் போட்டியில் எம்.பி.யை மிச்சப்படுத்துவது அந்த ஏற்றம்தான்.

வென்றால் காட்டர்டாமெருங் என்ற அணிகலன் கிடைக்கும். சண்டை தொடங்கும்போதே லிமிட் (பெரிய தாக்குதலுக்கான மானி) நிரம்பியிருக்கும், தொடர்ந்து நிரம்பிக்கொண்டும் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஹெல் ஹவுஸிடம் ஒரு தடவை போய்வாருங்கள். அதன் பிறகு, 2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் ரீபெர்த். அதிலும் ஹார்டு மோட் உண்டு, அதிலும் ஐட்டம் கிடையாது. லெவல் உச்சம் அங்கே 70. முதலில் நார்மலில் நிதானமாகக் கதையைப் பாருங்கள். ஹார்டு தொடங்கியதும் எழுதுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன், பிரேயரை வளர்த்துக்கொண்டு.